கணக்கில் நிற்க வேண்டிய ஒரு மூட்டை

பிறவியிலேயே நான் பயந்தாங்கொள்ளி. இடி இடித்தால் காதைப் பொத்திக்கொள்வேன். தந்தி வந்தால் பிரிப்பதற்கு முன்பே அழுதுவிடுவேன். கம்ப்யூட்டர் படித்து வேலைக்குப் போனபோது, இனிமேல் பயப்பட ஒன்றுமில்லை, பெட்டிக்குள் இருப்பதெல்லாம் எண்கள்தானே என்று நினைத்தேன். அந்த எண்களிலேயே ஒன்று என்னை நடுநடுங்க வைத்தது. அது பூஜ்யம்.

வேலை, கூத்தாநல்லூரை ஒட்டிய ஓர் அரிசி ஆலையில். முதலாளி குடும்பத்துக்கு வளைகுடாவில் கடைகள் இருந்தன. எங்கள் தெருவிலிருந்து அந்த ஆலைக்குள் அதுவரை நுழைந்தவர்கள் எல்லோரும் மூட்டை தூக்கப் போனவர்கள்தான். ஏசி அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள் நான். அண்ணன் அப்போது சவுதியில் ஏசி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான். "அவன் அங்க குளுரு உண்டாக்குறான், இவ இங்க குளுருல உக்காந்திருக்கா" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். அந்தக் குளிரில் எனக்குக் கை விறைத்தது என்பது அவளுக்குத் தெரியாது.

முதலாளிக்கு இரண்டு தொழில். கூத்தாநல்லூரில் அரிசி ஆலை. வலங்கைமானில் விதைநெல் கிடங்கு. தனியார் எல்லாரும் எல்லாவற்றிலும் இறங்கலாம் என்று கதவு திறந்துவிட்ட காலத்தில் ஆரம்பித்தது அந்த விதை வியாபாரம். இரண்டு இடத்திலும் இரண்டு சாஃப்ட்வேர். விதைக் கிடங்கில், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் பழையது. ஆலையில், சென்னையிலிருந்து விலைக்கு வாங்கிய புதியது. ஒன்று பேசுவது மற்றொன்றுக்குப் புரியாது. ஆலையிலிருந்து கிடங்குக்குப் போன சாக்கு அங்கே வந்து சேர்ந்ததாகவே தெரியாது. கிடங்கிலிருந்து ஆலைக்கு வந்த நெல் இங்கேயும் இருக்கும், அங்கேயும் இருக்கும். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிகிற கதைதான்.

வளைகுடாக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி மகன் ஊர் திரும்பியதும் இதைக் கண்டு கொதித்துப்போனார். அவரை எல்லாரும் சின்ன முதலாளி என்பார்கள்.

"ஒரு கம்பெனின்னா ஒரு கணக்குதாங்க. நான் எந்த ஸ்கிரீனைப் பார்த்தாலும் ஒரே நம்பர் தெரியணும். நீங்க ரெண்டையும் இணைச்சுக் குடுங்க" என்றார்.

இணைத்தேன். தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மோடம் கிரீச் கிரீச்சென்று கத்தும். ஆலையின் கணக்கு தொலைபேசிக் கம்பி வழியாக வலங்கைமானுக்குப் போகும், கிடங்கின் கணக்கு இங்கே வரும். எங்கே ஒரு மூட்டை கழிந்தாலும் மறு இடத்திலும் கழியும். பொருந்தாதவற்றை என் திரை சிவப்பில் காட்டும். முதல் வாரம் திரை முழுக்க அம்மை போட்ட மாதிரி சிவப்பு. அதில் பெரும்பாலானவை ஒரே ஒரு மூட்டை வித்தியாசம்.

வலங்கைமான் கிடங்குக்காரரைப் போனில் பிடித்தேன். இளவயதிலிருந்தே முதலாளியிடம் இருப்பவர்.

"என்னங்க, இந்த லாட்டு மூட்டையெல்லாம் கிட்டத்தட்ட வித்துப் போச்சு. பில்லு எல்லாம் இருக்கு. ஆனா இருப்பு ஒண்ணுன்னு காட்டுதே?"

"ஆமாம்மா. ஒண்ணு இருக்கு."

"அதையும் குடுத்துட்டு லாட்டை முடிச்சிருக்கலாமே?"

"நெல்லுக் கிடங்குல சைபர் போடச் சொல்றீங்களா? படிச்ச புள்ள பேசுற பேச்சாம்மா இது?"

அவர் சொன்னது வெறும் பேச்சில்லை. ஒவ்வொரு லாட்டிலும் கடைசி மூட்டையை விற்காமல், சுவரோரம் சாத்தி வைத்திருந்தார். அடுத்த அறுவடை நெல் உள்ளே வந்த பிறகுதான் பழையது வெளியே போகும். அதுவரை திரையிலும் ஒன்று, தரையிலும் ஒன்று. ஆலையிலும் இதே வழக்கம்தான். அங்கே மூட்டை இருக்காது, திரையில் மட்டும் ஒன்று நிற்கும்.

அவரைக் கண்டிக்க எனக்கு என்ன யோக்கியதை? நான் மட்டும் வானத்திலிருந்தா குதித்தேன்? எங்கள் வீட்டில் அரிசி டின்னை அம்மா ஒருநாளும் வழித்து எடுத்ததில்லை. அடுத்த வேளைக்கு வழியில்லாத நாட்களிலும் அடியில் ஒரு கை அரிசி கிடக்கும். "காலின்னு ஆயிட்டா அப்புறம் காலியாத்தான் இருக்கும்" என்பாள். கூலி நெல்லுக்குக் களத்தில் காத்து நின்ற வீட்டில் பூஜ்யம் ஓர் எண் இல்லை, வயிறு. அதனால் அந்த ஒற்றை மூட்டைகளை நான் தொடவில்லை. இரண்டு பக்கமும் ஒன்று என்று பொருந்தினால் போதும் என்று விட்டேன். சின்ன முதலாளியும் திரையில் சிவப்பு குறைந்ததில் குளிர்ந்துபோனார்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் இணையவில்லை. கிடங்கின் கணக்கில் ஒவ்வொரு லாட்டுக்கும் 'விதை நேர்த்தி' என்று ஒரு கட்டம் உண்டு. நாற்றங்காலில் பூஞ்சாணம் பிடிக்காமல் இருக்க விதைநெல்லில் மருந்துப் பொடி கலப்பதற்குத்தான் அந்தப் பெயர். கலந்த மூட்டையின் வாயைச் சிவப்பு நூலால் தைப்பார்கள், கலக்காததை வெள்ளை நூலால். சிவப்பு நூல் மூட்டை விதைக்க மட்டும்தான், கோழிக்குக்கூடப் போடக்கூடாது. ஆலையின் சாஃப்ட்வேரில் அப்படி ஒரு கட்டமே இல்லை. அதைப் போட வேண்டுமென்றால் சென்னை ஆள் வர வேண்டும்.

"அரிசி ஆலைக்கு விதை மருந்துக் கணக்கு எதுக்குங்க? அவங்க அடுத்த வாட்டி வரும்போது பார்த்துக்கலாம்" என்றார் சின்ன முதலாளி.

அடுத்த வாட்டி வருவதற்குள் நோன்பு மாதம் வந்துவிட்டது.

நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சிக்கு அரிசி முதலாளி வீட்டு உபயம். பள்ளிவாசலுக்குப் பக்கத்துக் கொட்டகையில் பெரிய தேக்சாவில் கஞ்சி கொதிக்கும். பிற்பகல் தொழுகையான அசர் முடிந்ததும் ஊற்ற ஆரம்பிப்பார்கள். தூக்குவாளியோடு யார் வந்து நின்றாலும் கிடைக்கும். என்ன சாமி கும்பிடுகிறாய் என்று கேட்பதில்லை. எங்கள் அம்மா சிறுவயதிலிருந்து அந்த வரிசையில் நின்றவள். அந்த வருடம் அவளுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அண்ணன் லீவில் வந்துபோன பிறகு அண்ணி முழுகாமல் இருந்தாள். நாலு மாதம். எதைத் தின்றாலும் வாந்தி. பச்சைத் தண்ணீர்கூடத் தங்கவில்லை. அம்மா ஒருநாள் நோன்புக் கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள், அது தங்கியது. பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் மணக்கும் அந்தக் கஞ்சியை மட்டும் அந்தக் குழந்தை ஏற்றுக்கொண்டது. அண்ணன் போனில், "என் புள்ள முப்பது நோன்பும் புடிக்கும் போலருக்கே" என்று சிரித்தான்.

நோன்பின் நடுவில் ஒரு மத்தியானம் மோடம் கத்தி ஓய்ந்தது. நான் வழக்கம்போல் கிடங்குத் திரையைத் திறந்தேன். வரிசையாகப் பூஜ்யங்கள்.

முதலில் வந்தது வெறும் மூடநம்பிக்கைப் பயம். இதுவரை அந்தத் திரையில் நான் பூஜ்யத்தைப் பார்த்ததே இல்லை. யாரோ வீட்டில் விளக்கை ஊதி அணைத்த மாதிரி இருந்தது. கிடங்குக்காரர் இதை எப்படி விட்டார் என்று யோசித்தேன். பிறகுதான், அவர் மகள் வீட்டு விசேஷத்துக்குத் தாராசுரம் போய் ஒரு வாரம் ஆகிறது என்பது நினைவுக்கு வந்தது. அப்படியானால் இது ஆலைப் பக்கமிருந்து கழித்த கணக்கு. ஆலையின் பதிவைத் திறந்தேன்.

'பழைய உதிரி மூட்டைகள். ஆலையில் அரைத்தது. பள்ளிவாசல் கஞ்சிக்கு.'

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சின்ன முதலாளி ஆலைத் திரையைப் பார்த்திருக்கிறார். ஆடுதுறை நெல் ரகத்தில் ஒன்று, ஒன்று, ஒன்று என்று ஒற்றை மூட்டைகள். வீணாகக் கிடக்கும் நெல் புண்ணியத்துக்குப் போகட்டும் என்று, ஆலையின் சுமை ஆட்களை லாரியோடு வலங்கைமானுக்கு அனுப்பியிருக்கிறார். காவலாளி கதவைத் திறந்துவிட்டிருப்பார். அவர்களுக்கு நூல் நூல்தான், சிவப்பென்ன, வெள்ளையென்ன. சுவரோரம் இருந்ததையெல்லாம் ஏற்றி வந்து, ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அரைத்து, அன்று காலையில் அரிசியாகவே கொடுத்துவிட்டார்கள். அரைத்துக் கழித்த பிறகுதான் பதிவு போடுவார்கள். அந்தப் பதிவைத்தான் என் இணைப்பு இப்போது கொண்டுவந்து காட்டுகிறது. நெல் சோறான பிறகு.

கிடங்குத் திரையில் 'விதை நேர்த்தி' கட்டத்தைப் பார்த்தேன். ஆம். இல்லை. ஆம். ஆம். இல்லை.

ஏசி அறையில் எனக்கு வியர்த்தது. அம்மா இந்நேரம் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருப்பாள் என்பது ஒன்றுதான் மனதில் நின்றது.

சின்ன முதலாளி திருச்சிக்குப் போயிருந்தார். அவருடைய செல்போன் ஒருவழியாகக் கிடைத்தது. நான் உளறியதைக் கடைசிவரை கேட்டார்.

"எவ்ளோ கலந்திருக்கும்?"

"தெரியலைங்க. பாதி இருக்கலாம்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லைங்க."

"சொல்லாதீங்க. பள்ளிவாசல் கஞ்சியில விஷம்னு ஒரு வார்த்தை வெளிய போச்சு, ஊரு பத்திக்கிட்டு எரியும். அதுவும் நீங்க போய்ச் சொன்னா… புரியுதுங்களா? நான் ஆளை வெச்சுப் பார்க்குறேன். சீட்டை விட்டு எந்திரிக்காதீங்க."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அந்த வருடங்களில் எல்லா ஊரிலும் காற்றில் ஒரு முறைப்பு இருந்தது. பேப்பரைத் திறந்தால் எங்கேயாவது கல்லெறி. வேறு மதத்துப் பெண் ஒருத்தி ஓடிப்போய்க் கஞ்சியில் விஷம் என்று கத்தினால், அந்தச் சொல் எங்கள் தெருவுக்குள் எந்த வடிவத்தில் திரும்பி வரும் என்று எனக்கும் தெரியும். சொன்னால் ஒரு பயம், சொல்லாவிட்டால் ஒரு பயம். உட்கார்ந்தே இருந்தேன். பிறகு தூரத்தில் அசர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. எழுந்து, செருப்பைக்கூட மறந்துவிட்டு ஓடினேன்.

கொட்டகையில் பண்டாரி, அதாவது கஞ்சி காய்ச்சும் சமையல்காரர், துடுப்பால் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தார். நரைத்த தாடி, நெருப்பில் சிவந்த கண்கள். வருடாவருடம் அவர் கைக் கஞ்சிதான். "அவரு கிண்டுனா அடிபிடிக்காது" என்பது ஊரில் ஒரு பழமொழி மாதிரி. வெளியே தூக்குவாளிகள் வரிசையில் உட்கார ஆரம்பித்திருந்தன. நான் அடுப்போரம் போய், அவருக்கு மட்டும் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு நூல், மருந்துப் பொடி, ஆலை, காலையில் வந்த அரிசி.

துடுப்பு நிற்கவில்லை. கிளறிக்கொண்டே கேட்டார்.

"இந்தச் சட்டியில மருந்து இருக்குன்னு நிச்சயமாத் தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க பாய். பயமா இருக்கு."

"பயமா இருக்கா?"

"ரொம்ப பயமா இருக்குங்க."

"நோன்பு புடிச்ச வாய்க்குள்ள ஊத்துறது. அந்தப் பயம் போதும்மா."

துடுப்பை எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்தார். மூன்று பெரிய கட்டைகளை அடுப்புக்குள் தள்ளினார். பிறகு துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து ஒரு தீய்ந்த வாடை கிளம்பியது. அது கொட்டகையைத் தாண்டி, வரிசையைத் தாண்டி, தெருவுக்குப் போனது.

"பாய்! அடிபிடிக்குது! தூங்கிட்டீங்களா?" என்று வெளியிலிருந்து சத்தம்.

அவர் திடுக்கிட்டு விழித்த மாதிரி எழுந்தார். தலையில் அடித்துக்கொண்டார். "கண்ணசந்துட்டேன் மக்களே. தீஞ்சு போச்சு. வாயில வெக்க முடியாது." பெரியவர்கள் வந்து எட்டிப் பார்த்து முகம் சுளித்தார்கள். ஒருவர், வயதான காலத்தில் முடியாவிட்டால் முன்பே சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று கேட்டார். பண்டாரி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஆட்கள் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் வடையும் வாங்க ஓடினார்கள். அவர் தானே மண்வெட்டி எடுத்துக் கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டி, கஞ்சி முழுவதையும் ஊற்றி, ஆடு வாய் வைக்காதபடி மண்ணைத் தள்ளி மிதித்தார். மீதி அரிசி மூட்டைகளையும் யாரும் தொடாமல் பூட்டி, சாவியைத் தன் மடியில் சொருகிக்கொண்டார்.

நான் வரிசையில் அம்மாவைத் தேடினேன். இல்லை. வாடை பிடித்து வரவில்லையோ என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன்.

"உங்க அம்மாவா? அப்பவே வாங்கிட்டுப் போயிட்டாங்களே" என்றாள் வரிசையிலிருந்த ஒரு பெண். "புள்ளைத்தாச்சிக்குன்னு கேட்டாங்க. பாய் முதல் அகப்பையை அவங்களுக்கு ஊத்திக் குடுத்துட்டாரு."

திரும்பிப் பார்த்தேன். மண்வெட்டியோடு நின்றிருந்த பண்டாரியின் காதில் அது விழுந்திருந்தது. அதுவரை ஒரு சொட்டுக்கூடக் கலங்காத அந்த முகம், உதிர்ந்துபோனது. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

வாய்க்கால் மதகைத் தாண்டி வீட்டுக்கு ஓடினேன். அண்ணி பாயில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். முகத்தில் தெளிவு. பக்கத்தில் தூக்குவாளி. அதன் அடியில் ஒரு வாய்க் கஞ்சி மிச்சம் இருந்தது, அம்மாவின் வழக்கப்படி. மற்றதெல்லாம் உள்ளே போய்விட்டது.

"இன்னிக்கு நல்லாத் தங்குச்சு" என்றாள் அண்ணி சிரித்துக்கொண்டே.

கஞ்சி தீய்ந்துவிட்டதாம், வயிற்றுக்கு ஆகாதாம், ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிடலாம் என்று ஏதோ சொல்லி, அவளைக் கிளப்பினேன். டாக்டரம்மாவிடம் மட்டும், தனியாக, உண்மையைச் சொன்னேன். அவர் மருந்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"ஊறவெச்சு, அவிச்சு, உமி நீக்கி, அப்புறம் கொதிக்கவும் வெச்சது. பெருசா எதுவும் மிஞ்சியிருக்காதும்மா."

"சுத்தமா ஒண்ணும் இருக்காதுங்களா டாக்டர்?"

"அப்படி என்னால சொல்ல முடியாது. குழந்தை பிறக்கட்டும், பார்ப்போம்."

அவரும் பூஜ்யம் போட மறுத்தார்.

மறுநாள் சின்ன முதலாளி மீதி அரிசியை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்ப் புதைத்தார். பள்ளிவாசலுக்குப் புது அரிசி வந்தது. சென்னை ஆள் அந்த வாரமே வந்து, ஆலைக் கணக்கில் அந்தக் கட்டத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். தாராசுரத்திலிருந்து திரும்பிய கிடங்குக்காரர் வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாராம். சிவப்பு நூல் மூட்டைகள் எதுவும் அங்கே மிஞ்சவில்லை. எல்லாம் ஒன்றாகக் கொட்டி அரைத்ததில் முதல் சட்டிக்குள் எந்த நெல் எவ்வளவு போனது என்று எவராலும் சொல்ல முடியவில்லை. இரண்டு சாஃப்ட்வேரும் அன்றிலிருந்து ஒன்றாகப் பேசின. நான் ராஜினாமாக் கடிதம் எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன்.

ஐந்து மாதம் பயந்தேன். அண்ணி இருமினால் பயம், தூங்கினால் பயம், குழந்தை உதைக்கிறது என்று சொன்னால் ஏன் இவ்வளவு உதைக்கிறது என்று பயம். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் தன் கையால் வாங்கி வந்து கொடுத்ததை நினைத்தே செத்துப்போவாள். அண்ணன் போன் செய்யும்போதெல்லாம் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டேன். ஊரில் பண்டாரியின் பெயர் 'அடிபிடிச்ச பாய்' ஆகிவிட்டது. அடுத்த நோன்புக்கு வேறு ஆளைப் பேசிவிட்டதாகக் கேள்விப்பட்டு, நான் அவரிடம் போய், உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "சொன்னா நாளைக்குக் கஞ்சி வாங்க உங்க தெருவுலேர்ந்து யாரு வருவா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "அந்தப் பொண்ணுக்கு எப்பம்மா நாளு?" என்றார்.

பெண் குழந்தை. அழுத அழுகையில் ஆஸ்பத்திரி வராந்தா அதிர்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த சில நாளில் ஒரு மத்தியானம், பண்டாரி வாசலில் வந்து நின்றார். வெளுத்த சட்டை, கையில் ஒரு பொட்டலம் கற்கண்டு.

"வாங்க பாய், உங்க கஞ்சியில வளந்த புள்ள" என்று அம்மா அவர் மடியில் குழந்தையைப் போட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அவர் துணியை மெதுவாக விலக்கினார். மூடியிருந்த பிஞ்சுக் கையைத் தன் காய்ப்பேறிய விரலால் விரித்தார். கஞ்சிக்கு அரிசி அளக்கும்போது எண்ணுவது போலவே, முதல் எண்ணை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று சொல்லி, எண்ணினார்.

"லாபம்… ரெண்டு… மூணு…"

ஒரு கை முடிந்து மறு கை. பிறகு ஒரு கால், பிறகு மறு கால். கடைசி விரல் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் லாபத்திலிருந்து எண்ணத் தொடங்கினார்.